புள்ளி விழுந்த இலைகளை ஆடு தின்னவில்லை

ஐயா,

நீ ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கிற உன் அத்தை வீட்டுக்குப் போகிறேன் என்று பஸ் ஏறி இன்னும் ஒரு மணி நேரம் ஆகவில்லை. நாளைச் சாயங்காலம் திரும்பி வந்துவிடுவாய். அதற்குள் இதை எழுதி முடிக்க வேண்டும். வாயால் சொல்லிவிடலாம் என்றுதான் மூன்று மாதமாகப் பார்த்தேன். நீ சாப்பிட உட்காரும்போது தொண்டை வரை வரும். நீ நிமிர்ந்து பார்ப்பாய். உடனே, "இன்னுங் கொஞ்சம் ரசம் ஊத்தவாய்யா?" என்று கேட்டுவிடுவேன். வேண்டாம் என்று நீ கையால் மறித்தாலும் ஊற்றிவிடுவேன். நான் அஞ்சாவதோடு நின்றவள். வாரப் பத்திரிகைகளை எழுத்துக் கூட்டி வாசித்து வாசித்துத்தான் எனக்கு இந்த அளவு எழுத வந்தது. பிழை இருந்தால் திருத்திக்கொண்டு வாசி. ஆனால் கடைசி வரை வாசி. நடுவில் கோபம் வந்து மடித்து வைத்துவிடாதே. இப்போதைக்கு எனக்கு இருக்கிற பயம் அதுதான்.

வியாழக்கிழமை உன் போனை என் முகத்துக்கு நேராக நீட்டினாய். இங்கிலீஷில் ஏதோ இருந்தது. என்னவென்று கேட்டேன். "எங்க சாருக்கு எழுதுனதும்மா. நான் இனி பெங்களூருக்கு வரல, என் எடத்த வேற ஆளுக்குக் குடுத்துருங்கன்னு. திங்கக்கெழம காலைல அனுப்பிருவேன்" என்றாய். ஏன் என்றதற்கு, தென்னையை யார் பார்ப்பது, என்னை யார் பார்ப்பது என்று முதலில் சொன்னாய். நமக்கு இருப்பது பதினெட்டுத் தென்னை. அதற்குத் தண்ணீர் கட்ட எனக்குத் தெரியாதா என்று கேட்டேன். அப்போதுதான் தலையைக் குனிந்துகொண்டு அந்தப் பேச்சைச் சொன்னாய். "கிருமி உள்ள நொழஞ்சா ஒடம்பு மொதல்ல என்ன செய்யும்ங்கிறதத்தாம்மா இத்தன வருசமா படிக்கேன். செடியில பாத்தாச்சு, ஈயில பாத்தாச்சு. சொந்த அப்பா ஒடம்புல நடந்தது எனக்குத் தெரியல. இதுக்கு மேல நான் படிச்சு யாருக்கு என்ன?" என்றாய்.

 எழுந்து போய்ப் பாலைக் கிளறினேன். பால் பொங்கவே இல்லை. நீ அதைப் பார்த்தாயா என்று தெரியாது. இப்போது அத்தை வீட்டு மாமா சொல்லிவைத்த உரக்கடையில் வேலை கேட்டுப் போயிருக்கிறாய். கடை வேலையை நான் குறைவாகச் சொல்லமாட்டேன். நானே இருபது வருடமாக ராஜபாளையம் பக்கம் பேண்டேஜ் கம்பெனிக்குப் போய், துணியை அளந்து கத்தரித்து ரோல் சுருட்டுகிறவள். ஆனால் நீ அந்தக் கடைக்கு எதற்காகப் போகிறாய் என்று எனக்குத் தெரியும். நீ செய்யாத தப்புக்குத் தண்டனையாகப் போகிறாய். அந்தத் தப்பு யாருடையது என்று தெரிந்தவள் நான் ஒருத்திதான் உயிரோடு இருக்கிறேன்.

உன் படிப்பு எனக்குப் புரியாது என்று எண்ணாதே. உன் புத்தகம் புரியாது. நீ சொன்னது புரிந்தது. கொரோனாவில் காலேஜை மூடி எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பினார்களே, அந்த வருடம் நீ மொட்டை மாடியில் தக்காளி வளர்த்தாய். ஓட்டை வாளி, பெயின்ட் டப்பா, நான் ஊறுகாய் போட வைத்திருந்த பிளாஸ்டிக் டப்பா எல்லாம் மேலே போய்விட்டது. ஒரு வரிசை நாட்டுத் தக்காளி, இன்னொரு வரிசை கடையில் வாங்கிய விதை. தோட்டத்தில் கருகிக் கிடந்த இலையைக் கசக்கித் தண்ணீரில் கலந்து, ஊசி இல்லாத சிரிஞ்சால் ஒவ்வொரு இலையின் அடியிலும் ஏற்றினாய். "நல்லா இருக்க செடிக்கு எதுக்குய்யா சீக்கக் குடுக்க?" என்று கேட்டேன். "எது எப்படித் தாங்குதுன்னு பாக்கத்தாம்மா. நீ மட்டும் மேல வந்து எதையும் தொட்றாத" என்றாய்.

தொட்டேன். நாலாம் நாள் துணி காயப்போட மேலே வந்தவள் பார்த்தேன். நாட்டுத் தக்காளி இலையெல்லாம் கரும்புள்ளி கரும்புள்ளியாக இருந்தது. எனக்கு மனசு கேட்கவில்லை. ரோஜாச் செடியில் இப்படி வந்தால் கிள்ளி எறிவோமே, அதே மாதிரி புள்ளி விழுந்த இலையாகப் பார்த்துக் கிள்ளி மடியில் கட்டிக்கொண்டுபோய்க் குப்பையில் போட்டேன். நீ மாடிக்குப் போய்விட்டுக் கத்திக்கொண்டே இறங்கி வந்தாய்.  "எதுத்த வீட்டு ஆடு படியேறி வந்துட்டுப் போலய்யா" என்றேன். நீ திரும்ப மேலே போனாய். செத்த நேரம் கழித்துச் சிரித்துக்கொண்டே வந்தாய். "ஏம்மா, புள்ளி விழுந்த எலையா பாத்துப் பாத்துத் திங்கிற ஆடு எந்த ஊர்ல இருக்கு? அதப் புடிச்சிட்டு வா. எனக்கு முன்னாடி அதுக்குப் பட்டம் குடுக்கணும்" என்றாய். உன் அப்பா தண்ணீர்த் தொட்டி மேல் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அதற்குப் பிறகு வீட்டில் நான் எதை ஒளித்தாலும், "ஆடு தின்னுட்டோ?" என்பதுதான் அவருக்குப் பேச்சு.

அன்றைக்கு நீ எங்கள் இருவரையும் உட்கார வைத்துச் சொன்னது அப்படியே ஞாபகம் இருக்கிறது. "நீ சீக்கு எலையக் கிள்ளலம்மா. செயிக்கிற எலையக் கிள்ளிப்புட்ட. கிருமி நொழஞ்ச எடத்தச் சுத்தி இருக்கிறத செடி தானாவே சாகக் குடுத்துரும். பொறவு கிருமிக்குத் திங்க ஒண்ணும் கெடைக்காது. அங்கனயே முடங்கிரும். அந்தப் புள்ளி சீக்கு இல்ல, வேலி." கடை விதையில் புள்ளியே விழவில்லை, அதைத்தான் நான் நல்ல செடி என்று விட்டுவைத்திருந்தேன். ஒரே வாரத்தில் அது மஞ்சளடித்துத் தலை சாய்ந்தது. கிருமியின் பேர் தெரியாமல் செடிக்கு எப்படித் தெரியும் என்று உன் அப்பா கேட்டார். "நம்ம தெரு நாய் வாரவன் பேர் தெரிஞ்சாப்பா கொரைக்குது? நட தெரியும், வாட தெரியும். வெளியாளுன்னா கொரைக்கும். யாரும் சொல்லிக்குடுக்க வேண்டாம், பொறக்கும்போதே வாரது" என்றாய். மனுசனுக்கும் அதே காவல்தானா என்று அவர் விடவில்லை. நீ உற்சாகமாகிவிட்டாய். "அதாம்ப்பா ஆச்சரியம். செடியும் நம்மளும் ஒருத்தரப் பாத்து ஒருத்தர் செய்யல. பேச்சுவார்த்தையே இல்லாத ரெண்டு ஊர்ல ரெண்டு ஆசாரி ஒரே மாதிரிப் பூட்டுச் செஞ்சு வச்ச மாதிரி இருக்கு. ஏன் அப்படின்னுதான் படிக்கப் போறேன்." உன் முகம் அன்றைக்கு இருந்த மாதிரி அதற்கு முன்பும் நான் பார்த்ததில்லை, பின்பும் பார்த்ததில்லை. அந்த முகத்துக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

உன் அப்பாவும் அந்த முகத்தைப் பார்த்துத்தான் நேர்ந்துகொண்டார். உனக்குப் பெங்களூரில் ஆராய்ச்சிக்கு இடம் கிடைத்தால் நம் தெரு மாரியம்மனுக்குப் பூக்குழி இறங்குகிறேன் என்று. இடம் கிடைத்தது. உனக்குத் தெரிந்ததும் போனிலேயே சண்டை போட்டாய். "அப்பா, உங்களுக்குச் சுகர் இருக்கு. கால் மரத்துருக்கும். சுட்டாலும் தெரியாது, புண்ணானாலும் தெரியாது. வேண்டாம்" என்றாய். உன் சொல்லுக்காக இரண்டு பங்குனியைத் தள்ளிப்போட்டார். அவருக்குள் அது உறுத்திக்கொண்டே இருந்தது. போன தையில் நீ போன் பண்ணி, ஆறு மாதம் வளர்த்த செடியெல்லாம், அவற்றை வைத்திருந்த குளிர்பெட்டி கெட்டுப் போனதில் செத்துப்போய்விட்டது என்று அழுதாயே, அன்றோடு அவர் முடிவு பண்ணிவிட்டார். "ஆத்தாளுக்குச் சொன்ன சொல்லு நிக்குது. புள்ளைக்கு முட்டுக்கட்ட விழுது" என்றார். நீ எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. "வருசம் முன்னூறு நாளு செருப்பில்லாம வரப்புல நடக்கேன். ஆறெட்டு நெருப்புல நடக்க மாட்டனா?" என்று உன்னையே மடக்கினார்.

காப்புக் கட்டினால் வீடே விரதம் என்பது உனக்குத் தெரியும். கவுச்சி வீட்டுக்குள் வரக்கூடாது, நாமும் வெளியில் தொடக்கூடாது. ஏழாம் நாள் கம்பெனியில் எனக்குக் கடும் வேலை. மத்தியானச் சாப்பாடு எடுத்துப் போக மறந்துவிட்டேன். கூட வேலை செய்கிறவள் தன் தூக்குவாளியை என் பக்கம் தள்ளினாள். பசி. நாலு வாய் தின்ற பிறகுதான் நாக்குக்குத் தெரிந்தது, கருவாட்டுக் குழம்பு. எழுந்து ஓடிப்போய் வாயைக் கொப்பளித்தேன். கொப்பளித்தால் போகுமா? வீட்டுக்கு வந்து தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டேன். உன் அப்பாவிடம் சொல்லவில்லை. சொன்னால் காப்பை அவிழ்க்க வேண்டிவருமோ என்று பயம். மூன்று வருட வேண்டுதல் என்னால் நின்று போய்விடுமோ என்று பயம். அப்படியே அவரைப் பூக்குழிக்கு அனுப்பினேன். அவர் நெருப்பில் கால் வைத்தபோது நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது கரையேறி நின்று சிரித்தார். மஞ்சள் துணியில் எவ்வளவு அழகாக இருந்தார் தெரியுமா. போட்டோவில் அது வரவில்லை.

வீட்டுக்கு வந்து கால் கழுவும்போதுதான் பார்த்தேன். இடது உள்ளங்காலில், பெருவிரலுக்குக் கீழே, புளியங்கொட்டை பருமனில் ஒரு கொப்புளம். அவருக்குத் தெரியவே இல்லை.  நம் ஊரில் என்ன சொல்வார்கள் என்று உனக்கே தெரியும். பூ இறங்கினவன் காலில் கொப்புளம் கண்டால் விரதத்தில் குறை, வீட்டில் யாரோ குறை வைத்தார்கள் என்பார்கள். அழுதுகொண்டே கருவாட்டுக் கதையைச் சொன்னேன். திட்டுவார் என்று பார்த்தால் என்னையே பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார். "கருவாடு தின்னது நீ, வெந்தது எங்காலா? நல்ல ஞாயமா இருக்கே ஆத்தா கோர்ட்டுல" என்றார். அப்புறம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "வெளிய மூச்சு விடாத. அக்காளுக்குத் தெரிஞ்சா ஒன்னத்தான் நிறுத்தி வச்சுக் கேப்பா. ரெண்டு நாள்ல வத்திரும்" என்றார். உன் அத்தை மோசமானவள் இல்லை. ஆனால் அவளுக்குத் தெரிந்தால் ஊருக்குத் தெரியும். உன் அப்பா அதை மறைத்தது அவருக்காக இல்லை, எனக்காக. இதை நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

நான் கம்பெனியிலிருந்து ஒரு புது ரோல் எடுத்து வந்தேன். ஊர் ஊராக ஆஸ்பத்திரிக்குப் போகிற துணி. மஞ்சள் அரைத்துப் போட்டுக் கட்டினேன். வெளியே தெரியாமல் இருக்க அதன்மேல் பழைய காலுறையை மாட்டிவிட்டேன். இருபது வருடத்தில் எத்தனை ஆயிரம் ரோல் சுருட்டியிருப்பேன், ஒரு ஆளுக்குக் கட்டுப் போட்டது அதுதான் முதல் தடவை.

மறுநாள் காலையில் நீ போன் பண்ணினாய். "ஏம்மா, அப்பா காலப் பாத்தியா? கொப்புளம் கிப்புளம் இருக்கா? அவர்ட்டக் கேக்காத, நீ பாத்துச் சொல்லு" என்றாய். அப்போது அவர் கால் என் மடியில் இருந்தது. கட்டை மாற்றிக்கொண்டிருந்தேன். கொப்புளம் உடைந்து தோல் வெள்ளையாக இருந்தது. அவர் தலையை ஆட்டினார், சொல்லாதே என்று. நான் புண்ணைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்: "ஒண்ணும் இல்லய்யா. காலு பூ மாதிரி இருக்கு."

நாலாம் நாள் காய்ச்சல் வந்தது. நீ மறுபடி கேட்டாய். "கால்ல புண்ணு எதும் இல்லல்லம்மா? செவப்பு, வீக்கம்?" என்று ஒவ்வொன்றாகக் கேட்டாய். இல்லை, இல்லை என்று ஒவ்வொன்றுக்கும் சொன்னேன். நெருப்பு வெக்கைதான், அலைச்சல்தான் என்றேன். அன்றைக்குக் கணுக்கால் வரை சிவப்பு ஏறியிருந்தது. நீ சாயங்காலம் அழைப்பாய் என்று தெரிந்து, அதற்கு அரை மணி நேரம் முன்னாலேயே காய்ச்சல் மாத்திரையைக் கொடுத்துவிடுவேன், உன்னிடம் பேசும்போது குரல் தெளிவாக இருக்கட்டும் என்று. நான் கிள்ளிப்போட்டது இலையை மட்டும் இல்லை, பார்த்தாயா. ஒவ்வொரு நாளும் அவர் உடம்பு உனக்குக் காட்டப் பார்த்த புள்ளியை எல்லாம் நான் முன்னாலேயே போய்க் கிள்ளிக்கொண்டிருந்தேன்.

ஏழாம் நாள் அவருக்கு உடம்பு சில்லிட்டது. ஓடி வந்தவர் மாதிரி மூச்சு வாங்கியது. என்னைப் பார்த்து, "மாட்டுக்குத் தண்ணி காட்டுனியாட்டி?" என்று கேட்டார். மாட்டை விற்று அஞ்சு வருடம் ஆகிறது. அதைக் கேட்டுத்தான் எனக்குப் புத்தி வந்தது. ராஜபாளையத்துக்குக் கொண்டு போனோம், அங்கிருந்து மதுரைக்கு அனுப்பினார்கள். டாக்டர் காலுறையைக் கழற்றிவிட்டு, எத்தனை நாளாக என்று கேட்டார். "இன்னைக்குத்தாம் பாத்தோம்" என்றேன். அதையும் சொன்னேன்.

நீ வந்து சேர்ந்தபோது அவருக்குக் குழாய் போட்டிருந்தார்கள். ஒரு சின்னக் கொப்புளம் எப்படி ஆளையே சாய்க்கும் என்று உன்னிடம் கேட்டேன். ஆஸ்பத்திரி நடையில், சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாய்: "கிருமி கம்மிதாம்மா. அது ரத்தத்துல எறங்கவும் காவலுக்கு நின்ன நாய் எல்லாம் ஒண்ணாக் கொரைச்சு, ஒண்ணாப் பாஞ்சு, கடைசில வீட்டாளையே கடிச்சுப்புட்டு. மொதல்லயே தெரிஞ்சிருந்தா ஒரு மருந்துலயே அடங்கியிருக்கும்." மொதல்லயே தெரிஞ்சிருந்தா. அந்தச் சொல் என் காதில் இன்னும் நிற்கிறது. மூன்றாம் நாள் அவர் போய்விட்டார். சுடுகாட்டிலிருந்து வந்து நீ என் தோளைப் பிடித்துக்கொண்டு, "ஒனக்கும் தெரியாம மறச்சிட்டாரேம்மா" என்று அழுதாய். நான் தலையை ஆட்டினேன். செத்தவர் மேல் பழியைப் போட்டுவிட்டு நான் தலையை ஆட்டினேன். பதினாறாம் நாள் உன் அத்தை, "பூ எறங்குன காலுல புண்ணு கண்டிருக்குன்னா எங்கயோ கொறை இருக்கு" என்று முந்தானையில் முகத்தை மூடிக்கொண்டு சொன்னபோதும் நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

ஐயா, இந்தத் தடவையும் ஆடு தின்னவில்லை. நான்தான்.

நேற்று இந்த இடம் வரை எழுதி நிறுத்திவிட்டேன். இன்று ஞாயிறு. காலையிலிருந்து மலைப் பக்கம் மேகம் இறங்கிச் சாரல் அடிக்கிறது. இரண்டு தடவை இந்தத் தாளை மடித்து அடுப்புப் பக்கம் கொண்டு போனேன். இரண்டு தடவையும் திரும்பி வந்தேன். நேற்று மத்தியானம் நீ போன் பண்ணினாய் அல்லவா. உரக்கடைக்காரர் புதன்கிழமையே வரச் சொல்லிவிட்டார் என்றாய். நல்ல செய்தி சொல்கிற குரலா அது? "சாப்ட்டியாம்மா? ஒடம்பு எப்டி இருக்கு?" என்று கேட்டாய். "எனக்கென்னய்யா, கல்லு மாதிரி இருக்கேன்" என்றேன். வைத்த பிறகு அந்தப் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நீ என்னை என்ன செய்வாய் என்று எனக்குத் தெரியவில்லை. பேசாமல் போய்விடுவாயோ என்று பயமாக இருக்கிறது. பேசிக்கொண்டே, ஆனால் முன்னைப் போல் இல்லாமல் இருப்பாயோ என்பது அதைவிடப் பயமாக இருக்கிறது. அப்பாவைக் கொன்றவள் என்று நினைத்தால் நினை. நான் தினமும் நினைக்கிறேன். கருவாடுதான் காரணம் என்று பாதி மனசு இன்னும் நம்புகிறது. நீ சொன்னதுதான் காரணம் என்று பாதி மனசுக்குத் தெரிகிறது. இரண்டு பாதிக்கும் குற்றவாளி நான்தான். ஆனால் ஒன்றை மட்டும் கணக்காகப் பார். எது நடக்கும் என்று நெருப்பு மூட்டும் முன்னாலேயே நீ சொன்னாய். நடந்த மறுநாளே சரியான கேள்வியைக் கேட்டாய். காய்ச்சல் வந்த அன்றைக்குச் சிவப்பு, வீக்கம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டாய். உன் படிப்பு தோற்கவில்லை. பெற்றவள் சொன்ன பதிலை நம்பினாய், அவ்வளவுதான் நீ செய்தது. பெற்றவளை நம்பியதற்காக யாராவது படிப்பை விடுவார்களா?

உங்கள் சாருக்கு எழுதி வைத்திருப்பதை நாளைக்கு அனுப்பாதே. பெங்களூருக்குப் போ. செத்துப்போன செடிக்குப் பதிலாகப் புதிதாக விதை போடு. நீ கிருமியைக் கையால் தொட்டுப் படிக்கிறாயே என்று எனக்கு எப்போதும் பயம்தான். அது செடியை மட்டும்தான் பிடிக்கும் என்று நீ நூறு தடவை சொல்லியும் பயம்தான். இருக்கட்டும். கையுறை போடு. வேளைக்குச் சாப்பிடு. ஊருக்குள் இனி யாராவது உன்னிடம், இந்தக் காய்ச்சல் பரவாயில்லையா, இந்தப் புண் பரவாயில்லையா என்று கேட்டால், அவர்கள் சொல்வதைக் கேட்டுக்கொண்டு விட்டுவிடாதே. காட்டச் சொல். நாங்கள் கெட்ட எண்ணத்தில் மறைப்பதில்லை. பிள்ளை பதறக்கூடாது, படிப்புக் கெடக்கூடாது, பெண்டாட்டி பேச்சு வாங்கக்கூடாது என்று நல்லெண்ணத்தில்தான் மறைக்கிறோம். அதனால் பிடிபடுவதும் கஷ்டம். உன் அத்தையிடம் கருவாட்டை நானே சொல்லிவிடுகிறேன். ஆடி பிறக்கட்டும், அவள் வருவாள். நிற்க வைத்துக் கேட்கட்டும். நிற்கிறேன்.

தனியாக இருந்துவிடுவாயா என்று கேட்பாய். எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. பயமில்லை என்று எழுதத்தான் கை போனது, நிறுத்திவிட்டேன். பொழுது சாயும்போது அவர் சைக்கிளை வேலியில் சாய்க்கிற சத்தம் கேட்கிற மாதிரி இருக்கிறது. எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன். அதற்காக நீ இங்கே உட்கார்ந்திருந்தால் அந்தச் சத்தம் நிற்கப் போவதில்லை. கம்பெனிக்குப் போகிறேன், நாலு பேரோடு பேசுகிறேன், தென்னைக்குத் தண்ணீர் கட்டுகிறேன். இந்தத் தாளை உன் தட்டுக்குக் கீழே வைத்துவிட்டு, நீ வருகிற நேரத்துக்குத் தோப்புப் பக்கம் போய்விடுவேன். வாசித்துவிட்டு வரவேண்டும் என்று தோன்றினால் வா. தோன்றாவிட்டால் சாப்பிட்டுவிட்டுப் படு. குழம்பு மூடி வைத்திருக்கிறது.

ஒன்று மட்டும் கேட்கிறேன். பெங்களூருக்குப் போன பிறகு தினம் போன் பண்ண வேண்டாம். பண்ணுகிற அன்றைக்குச் சாப்பிட்டாயா என்று கேட்காதே. எங்கேயாவது புண் இருக்கிறதா என்று கேள், காட்டு என்று சொல். இனி இல்லாததை இல்லை என்பேன், இருப்பதை இருக்கிறது என்பேன். நேற்று நீ கேட்டதற்கு நான் சொன்ன பதில் தப்பு. வெள்ளிக்கிழமை கம்பெனியில் துணி வெட்டும்போது கத்தரி நழுவி, இடது கை ஆள்காட்டி விரலில் வெட்டிவிட்டது. அரிசி நீளம் இருக்கும். இன்றைக்குக் காலையில் சுற்றிலும் கொஞ்சம் சிவந்திருக்கிறது, தொட்டால் சுடுகிறது. மஞ்சள் போடவில்லை, துணி சுற்றவில்லை, அப்படியே திறந்து வைத்திருக்கிறேன். நீ வந்ததும் காட்டுகிறேன்.